2235, 2210, 2245: மண்டபம் முகாமின் கணக்கு

2022 மார்ச் 22. தனுஷ்கோடி அருகே அரிச்சல்முனைக்கு அப்பால் கடலுக்குள் கிடக்கும் மணல்திட்டு ஒன்றில் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. இலங்கையிலிருந்து ஏற்றி வந்த படகு அவர்களை அங்கே இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட் போய்க் கூட்டி வந்தது. அன்றிரவே இன்னும் பத்துப் பேர் வந்து சேர்ந்தார்கள். இலங்கையில் டாலர் தீர்ந்து, அரிசியும் பால்மாவும் எரிவாயுவும் கைக்கெட்டாமல் போன மாதம் அது.

பத்திரிகைகளுக்கு இது துயரச் செய்தி. எங்கள் பக்கத்து அலுவலகங்களில் இது வேறொரு கேள்வியாகத்தான் முதலில் வரும்: இவர்களுடைய சாப்பாட்டுச் செலவை எந்த ஹெட்டில் போடுவது?

கேலிக்குச் சொல்லவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் சார்நிலைக் கருவூலங்களில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அரசுக் கணக்கில் ஒவ்வொரு ரூபாய்க்கும் நாலு இலக்கத்தில் ஒரு தலைப்பு உண்டு; அதுதான் ஹெட். 2235 என்றால் சமூகப் பாதுகாப்பும் நலமும்; அகதிகள் மறுவாழ்வு அதற்குள் வரும். 2210 மருத்துவமும் பொதுச் சுகாதாரமும். 2245 பேரிடர் நிவாரணம். படகில் தப்பி வந்தவருக்கு முதல் எண், காய்ச்சலோடு வந்தவருக்கு இரண்டாவது, புயலில் வீடு போனவருக்கு மூன்றாவது. தப்பி வந்து, காய்ச்சலும் கண்டு, ஊரும் கடலடியில் போயிருந்தால்? பில்லை எழுத்தர் மேசைக்கு மேசை தூக்கிக்கொண்டு நடப்பார்.

இந்தக் கடற்கரையில் ஆள் வரத்தும் நோயும் பணமும் ஒரே படகில்தான் வருகின்றன. அவற்றைப் பற்றிய முடிவுகள் மட்டும் மூன்று ஊரில், மூன்று மாதத்தில், மூன்று கோப்பில் எடுக்கப்படுகின்றன. மண்டபம் முகாமை எடுத்துக்கொண்டால் நூறாண்டுக் கதையாக இதைப் பார்க்கலாம். ஏனென்றால் ஒரு காலத்தில் அங்கே மூன்றும் ஒரே கோப்பில் இருந்தன. அது நல்ல காலம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

தகர வில்லை

ரயில் நிலையத்தின் பெயரே மண்டபம் முகாம்தான். எங்கள் பக்கம் 'மண்டபம் கேம்ப்' என்று சொல்வோம். எதற்கான கேம்ப் என்று இப்போது ஏறி இறங்குபவர்களில் பலருக்குத் தெரியாது. அகதிகளுக்காகக் கட்டியது என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. நோய்க்காகக் கட்டியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் இந்தக் கரையில் தோணி ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காடு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியும் பெரியம்மையும் கூடவே நடந்தன. வழியில் விழுந்தவர்களுக்கு ஒழுங்கான கணக்கு கிடையாது. தேயிலை வந்து, ஆள் தேவை பெருகியபோது, தோட்டக்காரர்களுக்கும் இலங்கை அரசுக்கும் ஒரு கணக்கு புரிந்தது: வழியில் செத்தவன் நஷ்டம், நோயோடு வந்து சேர்ந்தவன் அதைவிடப் பெரிய நஷ்டம். முதலில் தூத்துக்குடிப் பாதைக்காகத் தட்டப்பாறையில் முகாம் வைத்தார்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்து, தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியதும் வேலை மண்டபத்துக்கு இடம் மாறியது. இந்திய மண்ணில், இலங்கை அரசு நடத்திய முகாம். போகிறவர்களைச் சில நாள் நிறுத்திவைப்பார்கள். அம்மை குத்துவார்கள், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள், துணியைக் கிருமி நீக்குவார்கள், பிறகுதான் ரயில். வசதியான வகுப்பில் போகிறவருக்கு ஒரு விதி, தோட்டத்துக்குப் போகிறவருக்கு ஒரு விதி என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் உயிர் ஒரு தகரத் துண்டில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துக்குப் போகிறவரின் கழுத்தில் ஒரு தகர வில்லையைக் கட்டிவிட்டார்கள். அதில் தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். எழுத்தறியாதவரும் வழி தவறாமல் போய்ச் சேர்வார். வழியில் ஆன ரயில் கட்டணம், சோறு எல்லாவற்றையும் அந்த எண்ணைப் பார்த்து அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏற்றுவார்கள். தோட்டம் அதை ஆள் சேர்க்கும் கங்காணியின் தலையில் வைக்கும். கங்காணி கூலியாளின் தலையில் வைப்பார்.

கருவூலத்துக்காரனுக்கு இந்த வில்லை லேசில் மறக்காது. எங்களிடம் பில் கொண்டுவந்து கொடுத்தால், அந்தக் காலத்தில் எண் பொறித்த ஒரு பித்தளை டோக்கன் கொடுப்போம். பில் பாஸாகும்வரை அந்த டோக்கன்தான் அடையாளம். தோட்டக் கூலிக்கு மாட்டியதும் அதே சரக்குதான். ஆளே பில்.

நிர்வாகக் கண்ணோடு மட்டும் பார்த்தால் அது கச்சிதமான வடிவமைப்பு. வருகிறவர் யார், உடம்பு எப்படி, செலவு யார் தலையில் என்ற மூன்று கேள்விக்கும் ஒரே துண்டில் விடை. 1922இல் இந்தியக் குடியகல்வுச் சட்டமும், 1923இல் இலங்கையில் புதிய தொழிலாளர் சட்டமும் வந்தபின், தோட்டங்கள் எல்லாம் பொது நிதி ஒன்றில் பணம் கட்ட வேண்டும், பயணச் செலவைக் கூலியாளின் கடனாக எழுதக்கூடாது என்று ஆனது. அதாவது, ஆளுக்கு ஆள் கணக்கு எழுதுவதை விட்டுவிட்டு, யார் வந்தாலும் வராவிட்டாலும் முன்கூட்டியே உண்டியல் நிரப்புவது. தடுப்பு ஏற்பாட்டுக்குப் பணம் ஒதுக்குவதில் இன்றைக்கும் நாம் தடுமாறுகிற இடம் இதுதான். ஒன்றும் நடக்காத நாளிலும் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தோட்டக்காரர்கள் கட்டினார்கள், இரக்கத்தால் இல்லை, தேயிலை விலைக்காக. முகாமின் அக்கறை தோட்டத்தின் வாசலோடு முடிந்தது.

1939இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் போவதையே நிறுத்தியது. முகாமின் ஒரு பகுதிக்கு 1949இல் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1971இல் அதன் தலைமையகம் கொச்சிக்குப் போய்விட்டாலும் பிராந்திய மையம் இன்னும் இருக்கிறது. ஆளைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் மீனைப் பார்க்க ஆரம்பித்தார்கள் என்று ஊரில் கிண்டல் உண்டு.

எண்ணிக்கை மட்டும் எழுதிய ஒப்பந்தம்

1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத்துக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. பதினாறு ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு 1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர். இந்தியா 5,25,000 பேரை ஏற்கும், இலங்கை 3,00,000 பேரை ஏற்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாய்ப் பிரித்துக்கொண்டார்கள். காய்கறிக் கடையில் எடை போடுவதுபோலத்தான். போகிறவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு புயல். தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது, ஊர் அழிந்தது, பாம்பன் பாலத்தின் கண்கள் அடித்துச் செல்லப்பட்டன. பாலத்தை 46 நாளில் மீட்டது பொறியாளர் ஸ்ரீதரனின் பெயரோடு எல்லோருக்கும் தெரிந்த கதை. தனுஷ்கோடியை மீட்கவில்லை. ஐந்தேகால் லட்சம் பேர் வரப்போகிறார்கள் என்று டெல்லியில் எழுதிய மை காய்வதற்குள், அவர்கள் இறங்க வேண்டிய துறையே இல்லை.

இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாலத்துக்கு ஒரு பொறியாளர், ஒரு கெடு, ஒரு நிதி. தாயகம் திரும்புவோருக்கு ஓர் எண்ணிக்கை, பதினைந்து ஆண்டு அவகாசம், பிறகு பார்ப்போம் என்ற நம்பிக்கை. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. வந்தவர்கள் மண்டபத்தில் இறங்கி, குடும்ப அட்டையும் கொஞ்சம் கடனும் வாங்கிக்கொண்டு, தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் சிதறினார்கள். நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தில் வேலை கிடைத்தவர்களுக்காவது தெரிந்த தொழில் இருந்தது. தேயிலை கிள்ளத் தெரிந்த கையோடு வறண்ட ஊர்களில் மாட்டிக்கொண்டவர்கள் பாடு தனிக் கதை.

தற்காலிகம் என்ற சொல்

1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களை அழைக்கப் புதுப் பெயர் தேவைப்பட்டது: அகதி. 1983 முதல் முப்பதாண்டுகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தக் கடலைத் தாண்டினார்கள். மண்டபம்தான் முதல் படி. விசாரணை, பதிவு, பிறகு மற்ற மாவட்ட முகாம்களுக்கு லாரி.

இங்கே ஒரு சட்டச் சிக்கலைச் சொல்லாமல் நகர முடியாது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், நாட்டுக்குள் யார் வரலாம் என்பது ஒன்றியப் பட்டியலில் 19ஆவது இனம். துறைமுகத் தொற்றுத்தடுப்பு அதே பட்டியலில் 28. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனையும் மாநிலப் பட்டியலில் 6. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்று பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் 29. படகு மணலைத் தொடும்வரை டெல்லி. தொட்டபின் சோறும் ஊசியும் சென்னை. முகாம் செலவை மாநிலம் முதலில் செய்யும், ஒன்றிய அரசு பிறகு ஈடுசெய்யும். முடிவெடுப்பவர் ஒருவர், செலவழிப்பவர் ஒருவர், திருப்பித் தருபவர் முடிவெடுத்தவர். 'பிறகு' என்ற சொல்லுக்குள் எத்தனை மாதம் அடங்கும் என்பது கருவூலத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

முகாம் என்றாலே தற்காலிகம். தற்காலிகத்துக்குக் கட்டடம் கட்ட மாட்டார்கள். கொட்டகை போடுவார்கள், பழுதுபார்ப்பார்கள், மறுபடி பழுதுபார்ப்பார்கள். இப்படியே ஒரு தலைமுறை பிறந்து, படித்து, கல்யாணம் முடித்து, தன் பிள்ளையை அதே பத்துக்குப் பத்து அறையில் தூங்கவைத்தது. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தபோதுதான் இந்தச் சங்கிலி கொஞ்சம் அறுந்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட 231.54 கோடி. வகுத்துப் பார்த்தேன், பழக்கதோஷம்: வீட்டுக்குச் சரியாக 3 லட்சத்து 10 ஆயிரம். யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒரு வீட்டுக்கு மதிப்பீடு போட்டு, தலைகளை எண்ணி, பெருக்கியிருக்கிறார். அரசாங்கத்தில் இது அபூர்வம் இல்லை என்றாலும் நல்ல அறிகுறி. 'அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியதும் அப்போதுதான்.

மாதாந்திரப் பணக்கொடையும் உயர்ந்தது. குடும்பத் தலைவருக்கு 1,000 என்பது 1,500. மற்ற பெரியவர்களுக்கு 750 என்பது 1,000. பிள்ளைகளுக்கு 400 என்பது 500. கணவன், மனைவி, இரண்டு பிள்ளை என்றால் 2,550 ரூபாய் 3,500 ஆனது. பிள்ளைக்கு நாளொன்றுக்குப் பதினேழு ரூபாய்கூட வராது. இருந்தாலும் அது பட்ஜெட்டில் வரியாக இருக்கிறது, மாதம் பிறந்தால் வந்துவிடும். வரியாக இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை அடுத்து வந்தவர்கள் காட்டினார்கள். அதற்கு முன் கொரோனா.

நான் திருப்பிய பில்

2020 மார்ச் 14 அன்று ஒன்றிய உள்துறை கொரோனாவை அறிவிக்கப்பட்ட பேரிடராகக் கருதலாம் என்றது. மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து, அதாவது எங்கள் 2245லிருந்து, செலவழிக்கலாம். ஆனால் தனிமைப்படுத்தல், பரிசோதனை வகைக்கு ஆண்டு ஒதுக்கீட்டில் 25 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. கொரோனாச் செலவுக்கான உச்சவரம்பு பிறகு செப்டம்பரில் 50 ஆனது. அதே மார்ச் 14 உத்தரவில் முதலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்று இருந்தது. அன்றே திருத்தி அந்த வரியை எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு 50,000 என்று முடிவானது. எட்டில் ஒரு பங்கு. நோயின் தன்மை புரிந்து மாற்றியதல்ல அது. எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்குப் போட்டுப் பயந்து மாற்றியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் கடற்கரையில் அந்தக் கோடை எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வழக்கம்; அதற்குப் பட்ஜெட்டில் இடம் உண்டு, நிவாரணம் உண்டு, ஏனென்றால் அது நாள்காட்டியில் இருக்கிறது. அந்த ஆண்டு தடைக்கு முன்பே ஊரடங்கு வந்துவிட்டதால் 47 நாளாகக் குறைத்தார்கள். வடகடலும் தென்கடலும் ஒரே அமைதி. வெளியூர் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜூன் தொடக்கத்தில் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு ஆட்களைக் கொண்டுவந்தது. ஜூலை 1இல் அதே கப்பல் ஈரானிலிருந்து 687 பேரைக் கொண்டுவந்து இறக்கியது. பெரும்பாலும் நம் மீனவர்கள். அங்கிருந்து பஸ்ஸில் சொந்த மாவட்டம், அங்கே ஒரு விடுதியில் தனிமை.

அப்படியொரு விடுதி மையத்துக்கு மூன்று வேளையும் சமைத்துப் போட்டது ஒரு மகளிர் சுயஉதவிக் குழு. குழுத் தலைவி, ஐம்பது தாண்டியவர், சங்கத்தில் கடன் எடுத்துப் பெரிய அண்டா இரண்டு வாங்கியிருந்தார். மையம் மூடியபிறகு பில் என் மேசைக்கு வந்தது. போட்டிருந்த தலைப்பு 2210. அந்த அலுவலகத்துக்கு அதில் சாப்பாட்டுக்கு ஒதுக்கீடு இல்லை. பேரிடர் தலைப்பில் இருந்தது. ஆனால் அதில் செலவு செய்யும் அதிகாரி வேறு. விதிப்படி ஆட்சேபணை எழுதித் திருப்பினேன். கையெழுத்து என்னுடையதுதான்.

நான்கு நாள் கழித்து அவரே கருவூலத்துக்கு வந்தார்.

"தம்பி, சாப்பிட்டவுக பேரு, வேளை, தேதி எல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். இன்னும் என்ன எழுதணும், சொல்லுங்க."

"அக்கா, நீங்க எழுதினதுல ஒரு தப்பும் இல்ல. ஹெட்டுதான் மாறிப்போச்சு."

"ஹெட்டுன்னா?"

சொன்னேன். நோய்க்கு ஒரு தலைப்பு, பேரிடருக்கு ஒரு தலைப்பு. அவர் யோசித்தார்.

"வந்தவுகளுக்கு ரெண்டும்தான இருந்துச்சு?"

பதில் சொல்லாமல் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். தலைப்பு மாறி, ஒதுக்கீடு வந்து, பில் பாஸாக ஐந்து மாதம் ஆனது. அதற்குள் அவர் கட்டிய வட்டி எந்தத் தலைப்பிலும் வராது.

எல்லாமே இப்படித்தான் என்று சொன்னால் பாவம். மருந்து விஷயத்தில் தமிழ்நாடு வேறு மாதிரி நடந்தது. 1939லேயே சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரத்துக்குச் சட்டம் போட்டது, இந்தியாவில் முதலாவது. பொதுச் சுகாதாரத்துக்கு மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து தனியே ஓர் இயக்ககம் உண்டு. 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம், மாவட்டந்தோறும் கிடங்கு வைத்து, மருத்துவமனைக்கு ஒரு பாஸ்புக் கொடுத்து, அதற்குள் மருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தொற்று வந்தபோது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அன்றாடம் ஓடும் வண்டியில் கூடுதல் சுமையை ஏற்றினார்கள். முன்னேற்பாடு என்பது பெரும்பாலும் இப்படி அன்றாட வேலைக்குள் ஒளிந்துகொண்டால்தான் பட்ஜெட்டில் பிழைக்கும்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் நேரம் இடித்தது. ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டியது 2020 மார்ச் 1. ஊரடங்குக்கு மூன்று வாரம் முன்பு. திறந்தது 2022 ஜனவரி 12, பத்து கல்லூரிகளோடு சேர்த்து. முதல் இரண்டு அலையும் போய், மூன்றாவது அலை ஓடிக்கொண்டிருந்தபோது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கட்டடம் முளைக்க அத்தனை நாள் ஆகும். அதனால்தான் அதை அலைக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும்.

அரிசிக்கு வழி, ஆளுக்கு வழக்கு

மறுபடி 2022க்கு வருகிறேன். மணல்திட்டிலிருந்து வந்தவர்கள்மீது முதலில் கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்ததாக வழக்கு, நீதிமன்றக் காவல். பிறகு மாநில அரசு முயன்று மண்டபம் முகாமில் தங்கவைத்தது. அதன்பின் வந்தவர்களும் மண்டபத்துக்கே வந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் இருநூறைத் தாண்டிவிட்டது. முகாம் தன் பழைய வேலைக்குத் திரும்பியது. ஆனால் முன்பு வந்தவர்களுக்குக் கிடைத்த அகதிப் பதிவு இவர்களுக்குக் கிடைக்கவில்லை. பதிவு இல்லாததால் பணக்கொடை இல்லை. சோறும் கூரையும் மாநிலத்தின் பொறுப்பில் நடந்தது. பக்கத்து வரிசையில் பதிவுள்ள குடும்பத்துக்கு மாதம் பிறந்தால் பணம். இவர்கள் வீட்டில் அதே வயதுப் பிள்ளை, கணக்கில் இல்லாத பிள்ளை.

அதே ஆண்டு ஏப்ரல் 29இல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது: இலங்கை மக்களுக்கு 40,000 டன் அரிசி, 137 வகை மருந்து, 500 டன் பால்பவுடர்; மொத்தம் 123 கோடி. வெளிநாட்டுக்கு உதவி அனுப்ப மாநிலத்துக்குத் தனி அதிகாரம் இல்லை, டெல்லியின் அனுமதி வேண்டும், வந்தது. மே 18இல் முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. மூன்று வாரத்துக்குள்! அரசு நினைத்தால் எவ்வளவு வேகமாக நகரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அரிசி கடலைத் தாண்டுவதற்கு மூன்று வாரத்தில் முடிவெடுத்த அமைப்பு, அரிசி இல்லாமல் கடலைத் தாண்டி வந்தவர் யார் என்று முடிவெடுக்கவில்லை.

காரணம் இருக்கிறது. அரிசி ஒருமுறைச் செலவு. ஒரு வரியில் எழுதி, கொடுத்து, கணக்கை முடிக்கலாம். ஆளைப் பதிவு செய்தால் அது ஆண்டுதோறும் வரும் செலவு, அடுத்த படகுக்கு முன்னுதாரணம், இன்னொரு நாட்டோடு உறவுச் சிக்கல். நிதித்துறைக்காரர்கள் எப்போதும் தொடர்செலவுக்குத்தான் பயப்படுவார்கள். அதில் தப்பில்லை, அது அவர்கள் வேலை. ஆனால் பயத்தை முடிவாக எழுதுவது ஒன்று, எழுதாமல் காலம் கடத்துவது இன்னொன்று. இரண்டாவதற்குக் கோப்பில் யாருடைய கையெழுத்தும் இருக்காது.

2025 செப்டம்பரில் புதிய குடிநுழைவு, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஒரு விலக்கு உத்தரவும் வந்தது. 2015 ஜனவரி 9ஆம் தேதி வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு இல்லை என்பதற்காகத் தண்டிப்பதில்லை என்பது அதன் சாரம். பழையவர்களுக்குப் பெரிய நிம்மதி. 2022இல் மணல்திட்டில் நின்ற கைக்குழந்தை அந்தத் தேதிக்கு ஏழு ஆண்டு தாமதமாகப் பிறந்துவிட்டது.

ஒன்று

பட்ஜெட் மதிப்பீட்டுக்கான வேலை மழைக்காலத்தில் தொடங்கும். துறைகள் போன ஆண்டுச் செலவைப் பார்த்து, கொஞ்சம் கூட்டி, அடுத்த ஆண்டுக்கு எழுதி அனுப்பும். போன ஆண்டு படகு வரவில்லை என்றால் அந்த வரி சுருங்கும். மார்ச் 31க்குள் செலவாகாத பணத்தைச் சரண்டர் செய்ய வேண்டும். சரண்டர் செய்தவருக்கு அடுத்த முறை குறையும். ஆகவே ஒன்றும் நடக்காத ஆண்டு என்பது, தயாராக இருப்பவருக்குத் தண்டனை ஆண்டு. பதினைந்தாவது நிதிக்குழு இதைக் கொஞ்சம் உணர்ந்துதான், மாநிலப் பேரிடர் நிதியைப் பிரித்துக் காட்டியது. நூற்றில் 40 உடனடி நிவாரணத்துக்கு, 30 மீட்புக்கும் மறுகட்டமைப்புக்கும், 20 பாதிப்பைக் குறைக்கும் பணிக்கு, 10 முன்தயாரிப்புக்கு. பத்துதான். இருந்தாலும் பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் தொகைகளை ஆயிரங்களில் அச்சிடுவார்கள். சில வரிகளில் வெறும் '1' என்று இருக்கும். ஆயிரம் ரூபாய். ஆயிரம் ரூபாயில் ஒன்றும் ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். அது பணத்துக்காக எழுதுவதல்ல. கதவைச் சாத்தாமல் வைக்க. தலைப்பு உயிரோடு இருந்தால், ஆள் வந்த அன்றே வேறு இடத்திலிருந்து பணத்தை மாற்றலாம். தலைப்பே இல்லை என்றால் முதலில் அதைப் பிறப்பிக்க வேண்டும், அதற்குள் சாப்பிட்டவர் ஊர்போய்ச் சேர்ந்திருப்பார். கடல்வழி வருபவருக்குத் தங்குமிடம், சோறு, மருத்துவப் பரிசோதனை மூன்றுக்கும் சேர்த்து, ஒரே அதிகாரி கையில், அப்படியொரு '1' போதும் என்பது என் கட்சி. பணியில் இருந்தபோது இதை நான் எழுதி அனுப்பவில்லை. கணக்கரின் வேலை யோசனை சொல்வதல்ல என்று நினைத்திருந்தேன்.

அந்த அக்காவைப் போன மாதம் சந்தையில் பார்த்தேன். பில் விஷயத்தை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அண்டா இரண்டையும் கேட்டேன். விற்கவில்லையாம். கழுவி, முற்றத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறார். கோயில் பொங்கலுக்கும் தர்கா கந்தூரிக்கும் வாடகைக்குப் போய் வருகின்றன.